உங்களுக்குத் தெரியுமா? ஏ.ஐ.க்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

சிப்பும் மிக்சியும்

நம் வீட்டு மிக்சி பெரும்பாலும் 750 வாட். சட்னி அரைக்க இரண்டு நிமிடம் ஓடும், பிறகு ஓய்ந்துவிடும். ஏ.ஐ. நிறுவனங்கள் போட்டிபோட்டு வாங்கிய என்விடியாவின் 'எச்100' சிப் ஒன்று, முழு வேகத்தில் ஓடும்போது 700 வாட் வரை இழுக்கிறது. கிட்டத்தட்ட ஒரு மிக்சி. ஆனால் இதற்கு ஓய்வு கிடையாது. இரவு பகலாக, வாரக்கணக்கில் ஓடுகிறது. மெட்டா நிறுவனம் தன் 'லாமா 3' வரிசையின் மிகப் பெரிய ஏ.ஐ. மாதிரியைப் பயிற்றுவித்தபோது இத்தகைய சிப்புகள் 16,000 ஒன்றாக ஓடின.

50 நிமிடத்தில் 100 யூனிட்

எச்100-க்கு அடுத்த தலைமுறையில், 72 சிப்புகளை ஒரே ரேக்கில் அடுக்கினார்கள். பீரோவைவிடச் சற்று உயரமான அந்த ரேக் ஒன்றுக்கு மட்டும் சுமார் 120 கிலோவாட் வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அந்த 100 யூனிட்டை இந்த ரேக் 50 நிமிடத்தில் முடித்துவிடும்.

உள்ளே போகும் கரண்ட் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. இவ்வளவு வெப்பத்தை விசிறிக் காற்றால் அள்ளிக்கொண்டு போக முடியாது. அதனால் சிப்பின் தலைமேலேயே குழாய் வைத்துத் திரவத்தை ஓட விடுகிறார்கள். ஒரே கொள்ளளவில் பார்த்தால், தண்ணீர் சுமக்கும் வெப்பம் காற்று சுமப்பதைப்போல மூவாயிரம் மடங்குக்கும் மேல்.

ஒரு கேள்விக்கு எவ்வளவு?

2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு கணக்கை வெளியிட்டது. ஜெமினியிடம் எழுத்தில் கேட்கப்படும் கேள்விகளில் நடுவாந்தரமான ஒன்றுக்கு 0.24 வாட்-மணி செலவாகிறதாம். 75 வாட் மின்விசிறியை 12 வினாடிகூட ஓட்டாத கரண்ட் அது. ஒரு யூனிட்டில் நாலாயிரம் கேள்விகள் கேட்டுவிடலாம். சாட்ஜிபிடி பற்றி ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் அதற்கு இரண்டு மாதம் முன்பு சொன்ன எண் 0.34 வாட்-மணி.

எனவே, பிள்ளைக்குக் கட்டுரை எழுத உதவி கேட்ட தாயோ, உரத்தின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட விவசாயியோ குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. ஆனால் இந்த எண்கள் எழுத்துக் கேள்விக்கானவை. படம் வரைவதும் வீடியோ உருவாக்குவதும் இதில் சேராது. ஏ.ஐ. மாதிரியைப் பயிற்றுவிக்க முன்பே செலவான கரண்டும் இதில் இல்லை.

குறையக் குறையக் கூடுவது

ஒரே ஆண்டில் ஒரு கேள்விக்கான செலவை 33 மடங்கு குறைத்துவிட்டதாக அதே அறிக்கையில் கூகுள் சொன்னது. பொறியாளர்களின் உண்மையான சாதனை அது. ஆனாலும் 2024-இல் அந்நிறுவனத்தின் தரவு மையங்கள், அதாவது கம்ப்யூட்டர் ரேக்குகள் நிறைந்த கட்டடங்கள், செலவிட்ட மொத்த மின்சாரம் முந்தைய ஆண்டைவிட 27 சதவீதம் கூடியது. சிக்கனமாக எரியும் எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடவே செய்யும் என்று 1865-இலேயே எழுதினார் இங்கிலாந்துப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். மலிவானால் அதை எல்லோரும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறார்கள்.

உலகக் கணக்கு

சர்வதேச எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2024-இல் உலகத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து செலவிட்டது சுமார் 41,500 கோடி யூனிட். இது ஏ.ஐ.க்கு மட்டுமல்ல, நம் மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, கைப்பேசியில் பார்க்கும் படம் எல்லாம் இதில் அடக்கம். உலக மின்நுகர்வில் இது ஏறத்தாழ 1.5 சதவீதம். 2030-இல் 94,500 கோடி யூனிட்டைத் தொடும் என்கிறது அந்த அறிக்கை. இன்று ஜப்பான் நாடு முழுவதும் செலவிடுவதைவிடச் சற்றுக் கூடுதல்.

ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றலாம். சாம்பாரில் போட்ட உப்பு கரைந்திருந்தால் யாரும் கவனிப்பதில்லை. கரையாமல் ஒரே கரண்டியில் கட்டியாக வந்தால் வாயில் வைக்க முடியாது. இந்த ஒன்றரை சதவீதமும் அப்படிச் சில ஊர்களில் கட்டியாகக் கிடக்கிறது. அடுத்த துணுக்கு அப்படி ஒரு நாட்டைப் பற்றியது.

வீடுகளை முந்திய தரவு மையங்கள்

அயர்லாந்தில் 2015-இல் தரவு மையங்களின் பங்கு நாட்டின் மின்நுகர்வில் 5 சதவீதம். 2023-இல் 21 சதவீதம். அந்த ஆண்டு அங்குள்ள நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து செலவிட்டது 18 சதவீதம். ஒரு நாட்டின் நகரங்களில் எரியும் விளக்கு, அடுப்பு, ஹீட்டர் அத்தனையையும் சில டஜன் கட்டடங்கள் மிஞ்சிவிட்டன.

குளிர்ந்த நாடு, குறைந்த நிறுவன வரி, அமெரிக்கக் கம்பெனிகளின் ஐரோப்பியத் தலைமையகங்கள் என்று எல்லாம் கூடிவந்ததால் வந்த வளர்ச்சி இது. வேலையும் வரியும் வந்தன. கூடவே டப்ளின் நகரைச் சுற்றிய மின்கம்பிகள் தாங்கும் எல்லையும் வந்துவிட்டது. 2028 வரை டப்ளின் பகுதியில் புதிய தரவு மையங்களுக்கு இணைப்புத் தருவதற்கில்லை என்ற நிலையை அந்நாட்டு மின்கட்டமைப்பு நிறுவனம் எடுத்தது. இணைப்புக் கிடைக்காத சிலர் எரிவாயுக் குழாயில் இணைப்புக் கேட்டு, தாங்களே மின்சாரம் தயாரிக்கப் பார்த்தார்கள். ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசலில் கூட்டம் சேருகிறது.

சிங்கப்பூரும் இதே பாடத்தைப் படித்தது. அங்கே தரவு மையங்கள் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 சதவீதத்தை எடுத்துக்கொண்ட நிலையில், 2019 முதல் 2022 வரை புதியவற்றுக்கு அனுமதியையே நிறுத்திவைத்தார்கள்.

ஒரே நேரத்தில் கைவிட்ட அறுபது பேர்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே ஆஷ்பர்ன் என்ற ஊர் இருக்கிறது. உலகிலேயே தரவு மையங்கள் மிக நெருக்கமாக நிற்கும் வட்டாரம் அது. 1990-களில் இணையப் போக்குவரத்தின் பெரிய சந்திப்பு அந்தப் பக்கம் அமைந்தது. கேபிள் இருந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்துசேர்ந்தன.

2024 ஜூலை 10 மாலை. அந்த வட்டாரத்தில் 230 கிலோவோல்ட் மின்பாதை ஒன்றில் மின்னல் தடுப்புக் கருவி பழுதானது. பாதையில் பழுது வந்தால் அதைத் துண்டித்து, சற்றுப் பொறுத்து மீண்டும் இணைத்துப் பார்ப்பது தானியங்கிக் கருவிகளின் வழக்கம். அன்றும் அப்படியே இணைத்துத் துண்டித்து, இணைத்துத் துண்டித்து, ஒன்றரை நிமிடத்துக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சட்டெனச் சரிந்து எழுந்தது. நம் வீட்டில் விளக்கு ஆறு தடவை மினுக்கினால் 'என்னாச்சு' என்று ஜன்னல் பக்கம் போய்ப் பார்ப்போம். தரவு மையத்தின் யூ.பி.எஸ். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை இப்படி நடந்தால், வெளிக் கரண்ட் நம்பத்தக்கதல்ல என்று முடிவெடுத்துச் சொந்த பேட்டரிக்கும் ஜெனரேட்டருக்கும் மாறிவிடும்படி அங்கிருந்த பல யூ.பி.எஸ்.கள் அமைக்கப்பட்டிருந்தன. சுமார் 60 தரவு மையங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அந்த முடிவை எடுத்தன. 1,500 மெகாவாட் சுமை மின்கட்டமைப்பிலிருந்து காணாமல் போனது.

சுமை குறைந்தால் நல்லதுதானே என்று நினைக்கலாம். மின்கட்டமைப்பு கயிறிழுக்கும் போட்டி மாதிரி. ஒரு பக்கம் மின்நிலையங்கள், மறுபக்கம் நுகர்வோர். இரு பக்கமும் சமமாக இழுக்கும் வரைதான் நிலை. ஒரு பக்கத்தில் பலர் சட்டென்று கயிற்றை விட்டால் எதிர்ப்பக்கம் மல்லாந்து விழும். அன்று மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஏறின. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் நிதானமாக அழுத்தத்தை இறக்கிச் சமாளித்தார்கள். இருட்டு எதுவும் வரவில்லை. ஆனால் தரவு மையங்கள் தாமாகத் திரும்பி வரவில்லை. ஒவ்வொன்றையும் ஆட்கள் கையால் மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. மின்நிலையம் ஒன்று திடீரென நின்றால் என்ன செய்வது என்று நூறு ஆண்டாகத் திட்டமிட்டுவந்த துறை, இவ்வளவு பெரிய வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் எழுந்து போவதை அன்றுதான் இந்த அளவில் பார்த்தது.

ஒன்றாக மூச்சு விடும் சிப்புகள்

ஏ.ஐ. மாதிரிக்குப் பயிற்சி நடக்கும்போது ஆயிரக்கணக்கான சிப்புகள் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. எல்லாம் ஒன்றாகக் கணக்குப் போடும்; பிறகு விடையைப் பரிமாறிக்கொள்ள எல்லாம் ஒன்றாகக் காத்திருக்கும். கணக்குப் போடும்போது கரண்ட் உச்சத்தில், காத்திருக்கும்போது தரையில். இதனால் தங்கள் மையத்தின் நுகர்வு நொடிப் பொழுதில் பல பத்து மெகாவாட் ஏறி இறங்கியதாக மெட்டா தன் 'லாமா 3' ஆய்வறிக்கையில் எழுதியது. இந்த ஏற்ற இறக்கத்தை மறைக்க, காத்திருக்கும் நேரத்தில் சிப்புகளுக்கு உதவாத வெற்றுக் கணக்கைக் கொடுத்து ஓடவிடுவதும் ஒரு வழியாக இருக்கிறது. அதாவது, கரண்டைச் சீராக வைக்கக் கரண்டை வீணாக்குவது. பக்கத்தில் பேட்டரி வைத்து அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கச் செய்வதே நேர்மையான தீர்வு என்று எனக்குப் படுகிறது.

மூடிய அணு உலை திறக்கிறது

1979 மார்ச் 28. பென்சில்வேனியாவில் சஸ்க்வெஹானா ஆற்றின் நடுவே உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் 2-ஆம் உலை பகுதியளவு உருகியது. அமெரிக்க வணிக அணுமின் வரலாற்றின் மிக மோசமான விபத்து அது. பெயரைக் கேட்டாலே மக்கள் அஞ்சிய இடம்.

பலருக்குத் தெரியாதது, பக்கத்தில் இருந்த 1-ஆம் உலை அதன்பிறகும் பல ஆண்டுகள் நன்றாக ஓடியது என்பது. அதை மூடவைத்தது விபத்து அல்ல, விலை. மலிவான எரிவாயு மின்சாரத்தோடு போட்டியிட முடியாமல் 2019 செப்டம்பர் 20 அன்று நிறுத்தினார்கள். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 2024 செப்டம்பர் 20 அன்று, அதன் உரிமையாளரான கான்ஸ்டலேஷன் நிறுவனம் மைக்ரோசாப்ட்டுடன் 20 ஆண்டு ஒப்பந்தத்தை அறிவித்தது. 835 மெகாவாட். முதலில் 2028 என்றார்கள். பிறகு 2027-இலேயே ஓட்டிவிடலாம் என்றார்கள். பெயரையும் கிரேன் தூய ஆற்றல் மையம் என்று மாற்றிவிட்டார்கள்.

இந்த உலையிலிருந்து மைக்ரோசாப்ட் கட்டடத்துக்குத் தனிக் கம்பி எதுவும் போகப்போவதில்லை. மின்சாரம் பொதுக் கட்டமைப்பில்தான் கலக்கும். கணக்குப் புத்தகத்தில் அது மைக்ரோசாப்ட்டின் நுகர்வுக்கு ஈடு. மெட்டாவும் 2025 ஜூனில் இல்லினாய் மாநிலத்தின் கிளிண்டன் உலையோடு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அயோவாவில் 2020-இல் மூடிய டுவேன் ஆர்னால்ட் உலையைத் திறக்க கூகுள் கைகொடுக்கிறது. உருகிய உப்பால் குளிர்விக்கும் சிறு உலைகளிலிருந்து 2035-க்குள் 500 மெகாவாட் வாங்க கைரோஸ் பவர் நிறுவனத்தோடும் கூகுள் ஒப்பந்தம் செய்திருக்கிறது. தாளில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றல்ல. பழைய உலையைத் தட்டி எழுப்புவது மூன்று நான்கு ஆண்டு வேலை; புதிய வகை உலை முதல் யூனிட்டைத் தர இன்னும் பல ஆண்டு ஆகும். தரவு மையமோ இரண்டு ஆண்டில் எழுந்துவிடுகிறது.

அதுவரை எரிவாயு

அந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் எரிவாயு. லூயிசியானாவின் ரிச்லேண்ட் பகுதியில் மெட்டா எழுப்பும் பிரம்மாண்டமான மையத்துக்காக மூன்று எரிவாயு மின்நிலையங்களுக்கு 2025 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. மூன்றும் சேர்ந்து 2,200 மெகாவாட்டுக்கு மேல். மெம்பிஸ் நகரில் எலான் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ நிறுவனம் கம்பி இணைப்புக்குக் காத்திராமல் வளாகத்திலேயே எரிவாயு டர்பைன்களை நிறுவி ஓட்டியது. சுற்றியிருக்கும் குடியிருப்பு மக்கள் காற்று மாசை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்; 2025 ஜூலையில் 15 டர்பைன்களுக்கு முறையான அனுமதி தரப்பட்டது. சாட்பாட் எங்கோ மேகத்தில் இருக்கிறது என்று நாம் பேசுகிறோம். அந்த மக்களுக்கு அது ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது.

பணம் இருந்தாலும் டர்பைன் உடனே கிடைப்பதில்லை. உலகில் பெரிய டர்பைன் செய்பவர்கள் முக்கியமாக மூன்றே நிறுவனங்கள். மூவரிடமும் பல ஆண்டுகளுக்கு ஆர்டர் குவிந்திருக்கிறது. பெரிய டிரான்ஸ்பார்மருக்கும் இதே கதி.

28-லிருந்து 329

பிஜேஎம் என்பது அமெரிக்காவில் 13 மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் சேர்த்து மின்கட்டமைப்பை நடத்தும் அமைப்பு. தேவை உச்சத்தில் இருக்கும் நாளில் கைவிடமாட்டோம் என்று உறுதி தரும் மின்நிலையங்களுக்கு அது முன்கூட்டியே ஏலம் விட்டுப் பணம் தருகிறது. ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 2024-25-க்கான விலை 28.92 டாலர். அடுத்த ஆண்டுக்கு 269.92. அதற்கடுத்த ஆண்டுக்கு 329.17, அதுவும் உச்சவரம்பு போட்டதால் அங்கே நின்றது. இந்த ஏற்றத்துக்கு முதன்மைக் காரணம் தரவு மையங்களின் தேவை என்று அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் சுயேச்சை அமைப்பே கூறியது. இந்தச் செலவு கடைசியில் வந்து சேருவது வீட்டு பில்லில். ஏ.ஐ.யை ஒரு முறைகூடத் தொடாத பாட்டியும் அதைக் கட்டுகிறார். இந்தத் துணுக்குகளிலேயே என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

கேட்டதற்குக் கட்டு

ஓஹையோ மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. 2025 ஜூலையில் வந்த விதிப்படி, புதிய பெரிய தரவு மையம் தனக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று கேட்கிறதோ, அதில் குறைந்தது 85 சதவீதத்துக்கு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், பணம் கட்டியாக வேண்டும். 12 ஆண்டு வரை. அதற்குப் பிறகு அங்கே வரிசையில் நின்ற கோரிக்கை 30,000 மெகாவாட்டிலிருந்து 13,000 ஆகச் சுருங்கியது. பாதிக்கு மேல், இடம்பிடிக்கத் துண்டு போட்டு வைத்தவர்கள்.

22 மணி நேரம்

எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வு இது. மின்கட்டமைப்பு ஆண்டு முழுவதும் நிரம்பி வழிவதில்லை. கடும் வெயில் மாலை, கடுங்குளிர்க் காலை என்று சில மணி நேரங்களில்தான் திணறுகிறது; மற்ற நேரத்தில் இடம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய நாள் பஸ் நிலையத்தைப் பார்த்துவிட்டு, ஆண்டு முழுவதற்கும் அத்தனை பஸ் வாங்குவதில்லையே.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 பிப்ரவரியில் கணக்கிட்டார்கள்: புதிதாக வரும் பெரிய நுகர்வோர் தங்கள் ஆண்டு நுகர்வில் வெறும் கால் சதவீதத்தை, அந்த நெருக்கடி நேரங்களில், விட்டுக்கொடுத்தால் போதும். இருக்கும் கட்டமைப்பிலேயே 76,000 மெகாவாட் புதிய சுமையைச் சேர்க்கலாம். கால் சதவீதம் என்பது ஆண்டில் 22 மணி நேர முழு நுகர்வுக்குச் சமம். எழுபத்தாறு கூடங்குளம் உலைகளின் திறன் அளவுக்கு இடம், கட்டடமே கட்டாமல்.

விட்டுக்கொடுக்க முடியுமா? ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது விடையைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் பயிற்சி வேலையை நடுவில் சேமித்து நிறுத்தலாம். அவசரமில்லாத கணக்கை நள்ளிரவுக்கு மாற்றலாம். 2020 முதலே கூகுள், காற்றும் வெயிலும் நிறைந்த மணிகளுக்குச் சில வேலைகளை நகர்த்திவருகிறது. 2025 ஆகஸ்டில் இரண்டு அமெரிக்க மின்நிறுவனங்களோடு, கேட்டால் ஏ.ஐ. சுமையைக் குறைப்பதாக ஒப்பந்தமே போட்டது. டெக்சாஸ் இன்னும் ஒரு படி மேலே போய், நெருக்கடி வேளையில் 75 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய நுகர்வோர் சுமையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று 2025-இல் சட்டம் இயற்றிவிட்டது.

ஆண்டுக் கணக்கும் மணிக் கணக்கும்

'நாங்கள் 100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பயன்படுத்துகிறோம்' என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது ஆண்டுக் கணக்கு. ஆண்டில் நூறு யூனிட் செலவழித்தால், எங்கேயோ நூறு யூனிட் சூரிய மின்சாரம் வாங்கியிருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்தச் சிப்பை ஓட்டியது நிலக்கரியாகவும் இருக்கலாம். மணிக்கு மணி ஈடுகட்டுவதுதான் கடினமான, உண்மையான கணக்கு.

காகித ஆலையில் கம்ப்யூட்டர்

பின்லாந்தின் ஹமினாவில் மூடிப்போன காகித ஆலை ஒன்றை கூகுள் 2009-இல் வாங்கியது. ஆலைக்காகத் தோண்டிய சுரங்கக் குழாய் வழியே பால்டிக் கடல்நீர் வந்து கம்ப்யூட்டர்களைக் குளிர்விக்கிறது. வெளியேறும் வெப்பத்தை ஊர் வீடுகளுக்கு இலவசமாக அனுப்பும் திட்டமும் தொடங்கப்பட்டது.

நம் கரையில்

சென்னைக்கு வெந்நீர் அனுப்பித் தரத் தேவையில்லை. இங்கே வெப்பம் வெறும் செலவு. ஆனாலும் கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் பெருகியிருக்கின்றன. தமிழ்நாடு 2021-இல் அதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. வடக்கே விசாகப்பட்டினத்தில் கூகுள் 1,500 கோடி டாலர் முதலீட்டில் ஒரு கிகாவாட் அளவில் மையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. ஒரு கிகாவாட் நாள் முழுவதும் ஓடினால் 2.4 கோடி யூனிட்.

தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியிலும் செங்கோட்டையிலும் கணவாய்க் காற்று பலமாக வீசும். அந்த மாதங்களில் சில வேளை, கட்டமைப்பு தாங்காது என்று, சுழலக் காத்திருக்கும் காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். தரவு மையங்களுக்கு இணைப்புத் தரும்போது எத்தனை மெகாவாட் என்று கேட்பதோடு, எந்த மாதத்தில், எந்த மணியில் என்றும் கேட்டால், நின்றுபோகும் அந்தக் காற்றாலைகளில் சிலவாவது சுழலும்.